பதினைந்து டிகிரி

முதலில் சீட்டைச் சந்தேகித்தேன்.
பிறகு பெடலை. பிறகு செயினை.
செயினுக்கு ஊற்றிய எண்ணெயில்
ஒரு வாரம் அப்பளம் பொரித்திருக்கலாம்.
பிரான்மலை இறக்கத்தில்
ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கீச்.
ஜல்லி லாரி கிளீனர் எட்டிப் பார்த்து
'அக்கா, உள்ள எலி கிலி மாட்டிக்கிச்சா?' என்றான்.

கடைசியில் இடுப்பைத் திறந்தேன்,
பின்சக்கரக் கை வந்து சட்டத்தில் சேரும் மூட்டை.
போல்ட்டை உருவி, விரலை விட்டுச் சுழற்றினால்
சுழல்வதாவது.
உள்ளே செம்மண் மாவும் போன மழையும் சேர்ந்து
செங்கல் ஆகிக்கொண்டிருந்தது.

செக்காலைப் பக்கம் ஸீனத்தின் கடை.
போர்வெல் மோட்டார், மாவு மிஷின், வாஷிங் மெஷின்,
சுற்றுகிற எதற்கும் அவளிடம் பதில் உண்டு.
வெர்னியரின் வாயில் என் துருவைக் கொடுத்து
'உள்ள பதினஞ்சு, வெளிய இருபத்தெட்டு, தடிமன் ஏழு' என்றாள்.
பிறகு நிமிர்ந்து:
'இது எவ்வளவு சுத்தும்?'

கையால் காட்டினேன்.
கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே.
பதினைந்து டிகிரி. மிஞ்சினால் இருபது.
வாங்கிய நாள் முதல்
ஒரு முழு வட்டம் அது போனதில்லை.

'அதான் செத்துருச்சு.
நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூறு சுத்து சுத்துறது
மோட்டார்ல வருஷக்கணக்கா ஓடும்.
இது நின்ன எடத்துலயே நின்னு அடி வாங்குது.
ரெண்டு மூணு குண்டு மட்டும் சொமக்கும்,
மத்ததெல்லாம் வேடிக்கை பாக்கும்.'

கூண்டு இல்லாதது வேண்டுமாம்,
தோளோடு தோள் உரசக் குண்டுகள் நெருக்கி நிறைந்தது.
மொத்தம் எட்டு. கோவையிலிருந்து பஸ் பார்சல்.
வெள்ளிக்கிழமை வரும் என்றாள்.
செவ்வாய் வந்தது. ஏழு.

எட்டாவது வரும்வரை
நான் குடியிருக்கும் பெரிய வீட்டின்
பின்கட்டுக் கதவைக் கவனித்தேன்.
(பதினோரு பங்காளி, ஒன்பது பூட்டு,
வாடகை கொடுப்பவள் நான் ஒருத்தி.)
அதற்குப் பேரிங் கிடையாது.
தேக்கில் ஒரு குடுமி, கல்லில் ஒரு குழி.
அதுவும் கால் வட்டம்தான் போகிறது, வருகிறது.
குழிக்குள் விரலை விட்டேன்:
ஒரு பக்கம் மட்டும் வழவழப்பு.

இரவில் வேலை.
பேரிங்குகள் ஃப்ரீசரில், வஞ்சிரத் துண்டுக்குப் பக்கத்தில்.
அலுமினியக் கைக்கு ஹேர் டிரையர்.
நீண்ட போல்ட், இரண்டு வாஷர்,
வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம், உள்ளே பட்டால் போச்சு.
மூன்றாவது கோணலாக ஏறியது.
ஒரு கெட்ட வார்த்தை, மறுபடி ஃப்ரீசர்.
கழற்றிய பழையதில் ஒன்று கையிலேயே உடைய
ஆத்தங்குடிக் கல்லில் குண்டுகள் சிதறின.
தரை சமம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
எல்லாம் போய் நின்றது முற்றத்து ஜலதாரையில்.

ஞாயிறு, விடிவதற்குள், அதே இறக்கம்.
முதல் கல்: சத்தம் இல்லை.
இரண்டாவது கல்.
மூன்றாவதில்
கீச்.

இறங்கினேன்.
சீட்டுக்கு அடியில் போல்ட், கால் திருகு.
நின்றுவிட்டது.
முதல் சந்தேகமே சரி.
ஸீனத்திடம் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் பேரிங் செத்திருந்ததும் பொய்யில்லை.
அதில் ஒன்றை மட்டும் துடைத்து
வங்கியில், என் நகைக்கடன் மேஜையில் வைத்திருக்கிறேன்,
தராசுக்குப் பக்கத்தில்.
நேற்று கல்லலிலிருந்து வந்த சவரியம்மாள்
சங்கிலியை நான் உரைத்துப் பார்க்கும் நேரத்தில்
அதை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.
சுற்றியது. நின்றது. திரும்பச் சுற்றியது.
அதே இடத்தில் நின்றது.

'இங்கன வந்தா மாட்டுதே' என்றார்.
'ஆமாம்மா,
அங்கனதான் அது வேலை பார்த்துச்சு.'